சைனைடு மேட்டில் அரை மணி

அப்பாதுரை மேஸ்திரியைத் தெரியாதவன், தங்கச் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் எவனும் கிடையாது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத மனிதர். கல் அள்ளும் கூலியாகச் சுரங்கத்தில் இறங்கினார். பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றார். சிபாரிசு இல்லை, எவன் காலிலும் விழவில்லை. ஒரு கேங்குக்கே மேஸ்திரி ஆனார். படித்தவன் பத்துப் பேர் வரட்டும், இப்படி ஒருவன் கையை ஊன்றி மேலே வந்ததைக் காட்டட்டும், பார்க்கலாம்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஏர்பிளாஸ்ட் வந்தது. பூமிக்குள் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. அதில் ராமசாமி போனான். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜில் மேஸ்திரியோடு ஒன்றாக இறங்கி, ஒரே தூக்குச் சோற்றைத் தின்றவன். மேஸ்திரிதான் அவனைத் தோண்டி எடுத்தார், மேலே கொண்டுவந்தார், புதைத்தார். மறுநாள் ஷிப்டுக்கும் போனார்.

அழுகை வரவில்லை. ராமசாமியோடு சண்டை போட்டுப் பேச்சை விட்டவர்கள்கூட அழுதார்கள். இவருக்கு நெஞ்சு, நாளெல்லாம் டிரில் மெஷினைப் பிடித்த கைபோல மரத்துக் கிடந்தது. கிள்ளினாலும் உறைக்கவில்லை.

நேரம் இல்லாததால்தான் வரவில்லை என்று அவருக்குத் தோன்றியது. கீழே போனால் கேங், மேலே வந்தால் சங்கம், வீட்டுக்குப் போனால் ஒற்றை அறையில் ஏழு பேர். செத்தவனை நினைக்க இடம் எங்கே? அதனால் பகல் ஷிப்டு முடிந்ததும் சைனைடு மேட்டுக்குப் போக ஆரம்பித்தார். அது சைனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண், மலைபோல் கிடந்தது. அங்கே புல்லும் முளைக்காது, ஆளும் வராது. அரை மணி நேரம் உட்கார்ந்து ராமசாமியை மட்டும் நினைப்பார். பிறகு வீட்டுக்குப் போவார். இதை எந்தச் சாமியாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

தங்கம் விளையும் ஊரில் ஒருவன் தினமும் ஒரே இடத்தில் தனியாகக் குந்தினால் அவனை என்ன நினைப்பார்கள்? சுரங்கத்துக் காவல்கார நேசமணி ஒருநாள் மேட்டில் ஏறி வந்தான்.

"இன்னா மேஸ்திரி, இங்க இன்னா பண்றீங்க?"

"சும்மா குந்திகினு கீறேன்."

"சும்மா குந்தறதுக்கு ஊட்டுல எடமில்லியா?"

"ஊட்டுல சும்மா குந்த வுடுவாங்களா? உன் ஊட்டுல வுடுவாங்களா, சொல்லு?"

நேசமணிக்குச் சிரிப்பு வந்தது; ஆனாலும் அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் அந்த இடத்தை மண்வெட்டியால் கிளறினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம்தான் கூடியது.

வீட்டில் அவர் மனைவி தாயம்மா பிடித்துக்கொண்டாள். "லைன் பூரா பேசுது. நீ தங்கத்தப் பொதைக்கிறியாம். அப்டிப் பொதைச்சவன் எனுக்கு ஒரு மூக்குத்தி பண்ணிப் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹெட் மேஸ்திரி வேல கைக்கு வர நேரம்யா. அங்க போவாத," என்றாள்.

சுரங்கத்துக் காவல் அதிகாரியும் கூப்பிட்டு அதையேதான் சொன்னார். "என்னய்யா யோசிக்கிறே அங்கே?"

செத்தவனுக்காக எனக்கு அழுகை வருகிறதா என்று பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல சார்," என்றார்.

"ஒண்ணுமில்லாததை விட்டுட வேண்டியதுதானே? இனிமே அங்கே போனா, போகும்போதும் வரும்போதும் சோதனை. ஹெட் மேஸ்திரி வேலையையும் மறந்துடு."

அன்று மேஸ்திரி நேராக வீட்டுப் பாதையில்தான் நடந்தார். தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய் நின்றார். அங்கிருந்து திரும்பிவிட்டார்.

மேட்டடியில் நேசமணி நின்றிருந்தான். "வாணாம் மேஸ்திரி. எனுக்கே ஒரு மாரியா கீது."

"உன் வேலைய நீ பாருடா."

சட்டையைக் கழற்றி உதறினார். தூக்கைத் திறந்து காட்டினார். வாயைத் திறந்தார். விறகுச் சுமையோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள். எவனுக்கும் தலை குனியாதவர், வெட்டவெளியில் வேட்டியைத் தளர்த்திக் காட்டிவிட்டு மேலே ஏறினார்.

ஹெட் மேஸ்திரி வேலை, அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த முனியப்பனுக்குப் போனது. "இன்னா அண்ணே, இன்னும் தங்கம் கெடைக்கலியா?" என்று அவன் கேஜில் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரிக்குக் கோபம்கூட வரவில்லை.

அன்றும் போனார். காட்ட வேண்டியதைக் காட்டினார், ஏறினார், உட்கார்ந்தார். ராமசாமியின் முகத்தை நினைத்தார், அவன் சோற்றை உருட்டும் விதத்தை நினைத்தார். ஒன்றும் வரவில்லை. அரை மணி ஆனதும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கீழே இறங்கி நேசமணியின் முன்னால் இரண்டு கைகளையும் தூக்கினார்.