வட்டக் கீறல்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னாலுள்ள சந்தில் வீடியோ கேம் கடை நடத்திய ஜுபைரின் இடப் புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு ஓடும். மணிக்கு இவ்வளவெனக் காசு கட்டிப் பையன்கள் கடையிலேயே ஆடிய காலத்தில், கால்பந்தாட்டம் ஒன்றின் முடிவில் காசிமேட்டு வாலிபர் இருவர் கைகலந்தனர். விலக்கப் போனவர் மேல் பாய்ந்த கன்ட்ரோலர் விட்டுச்சென்ற தடம் அது. மேல்வரிசையில் ஒரு பல் குறையும். அண்ணனுக்குத் தெரியாமல் தம்பியொருவன் விற்றுவிட்டுப் போன கேம் டிஸ்கை யார் வாங்கினார்கள் என்று கேட்டு அண்ணன் வந்து நின்றான். பெயரைச் சொல்ல மறுத்ததற்கு வாய்மேல் வாங்கிய குத்தில் அது உதிர்ந்தது.

விற்றவன் பெயரை வாங்கியவனுக்கும், வாங்கியவன் பெயரை விற்றவனுக்கும் சொல்வதில்லை என்பது அக்கடையின் நெறி. பழைய டிஸ்க் வாணிபமே அந்நெறியின்மேல் நின்றது. ஏனெனில் அங்கே வந்த டிஸ்குகளில் பாதி, சண்டை நடந்த வீடுகளிலிருந்து வந்தவை.

கைக்கு வந்த டிஸ்கை ஜுபைர் விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பார். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் நேர்க்கீறலாயின், சட்டை முனையால் துடைத்தது. பாலிஷ் மிஷினில் இரண்டு நிமிடம் வைத்தால் மறைந்துவிடும். குறுக்கே ஆழ்ந்த வெட்டாயின், எவரோ சுவரில் வீசியது. ஆனால் காம்பஸ் வைத்து வரைந்தாற்போல் முழு வட்டமாய் ஒரு பள்ளம் விழுந்திருந்தால், உள்ளே டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போதே கேம் பெட்டியை எவனோ எட்டி உதைத்திருக்கிறான் என்று பொருள். அந்தக் காயத்துக்கு எந்த மிஷினிலும் மருந்தில்லை.

எழில்மொழியும் வல்லரசுவும் மணமான புதிதில் அக்கடைக்குச் சேர்ந்தே வருவார்கள். அவள் வியாசர்பாடியில் பிறந்தவள். கன்டெய்னர் கிடங்கொன்றில் கணினிமுன் அமர்ந்து, வரும் பெட்டிகளின் எண்களைப் பதிபவள். அவன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவன், வீடு திருவொற்றியூரில். கடையின் டிவியில் இருவரும் சண்டை விளையாட்டு ஒன்றை ஆடுவார்கள். வெல்பவள் எப்போதும் அவளே. தாழ்வாக இரண்டு உதை, ஒரு மூச்சளவு நிறுத்தம், பிறகு கழுத்தைப் பற்றி முதுகுக்குமேல் ஒரு வீச்சு.

"பார்த்தியா பாய்? வூட்லயும் தெனம் இப்டித்தான் மண்ணக் கவ்வ வுட்றா!" என்று வல்லரசு சிரிப்பான்.

பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கமாலும் வந்து நின்று சிரிப்பார். வல்லரசுவின் வலக்கை மேசைக்கடியில் இறுக மூடியிருப்பதை ஜுபைர் மட்டும் ஒருநாள் கண்டார். கண்டதைக் கடைக்காரராய் மறந்தார்.

நான்கு ஆண்டுகளுக்குமுன் ஒரு முற்பகலில் எழில்மொழி தனியே வந்தாள். இடக்கையில் மாவுக்கட்டு. வலக்கையால் அதே விளையாட்டின் டிஸ்கை நீட்டினாள். ஜுபைர் விளக்கடியில் சாய்த்தார். முழு வட்டம்.

"இதுக்கு வெலை கெடையாதேம்மா."

"தெரியும் பாய். கூட வச்சிக்கப் புடிக்கல. நீயே வச்சிக்க."

"பெட்டிய எட்டி ஒதைச்சிட்டானா?"

"பெட்டிய மட்டுமா ஒதைச்சான்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

எறிந்துவிட மனம் ஒப்பாமல், அந்த டிஸ்கைக் கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டிவைத்தார்.

பிறகு டிஸ்குகளின் காலமே நலிந்தது. டிஸ்க் நுழைக்க வாயில்லாத பெட்டிகள் வந்தன. விளையாட்டுகள் இணையத்தின் வழியே நேராக வீட்டுக்குள் இறங்கின. சிறுவர்கள் கைப்பேசியில் முகம் புதைத்தார்கள். தண்டையார்ப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் இருந்த கடைகள் ஒவ்வொன்றாய்ப் பிரியாணிக் கடையாயின, செருப்புக் கடையாயின. ஜுபைர் ஒருவரே எஞ்சினார். இணையக் கணக்கு ஒன்றில் வாங்கிய விளையாட்டை இரண்டு பெட்டிகளில் ஏற்ற முடியும் என்பதால், ஒரு கணக்கை இரு பாதியாக்கி இருவருக்கு விற்கும் புதுத்தொழிலைக் கற்றார். அதற்கும் ஒரு நெறி வகுத்துக்கொண்டார். கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லாமல் தாமே தட்டுவார். ஒரு கணக்கின் இரு பாதிகளும் ஒருவரையொருவர் அறிந்தவர் கைக்குப் போகக் கூடாது. ஒரு பாதி மீஞ்சூருக்கு என்றால் மறுபாதி கொடுங்கையூருக்கு.

சென்ற ஆண்டு எழில்மொழி போனில் அழைத்தாள். "புதுப் பெட்டி வாங்கிட்டேன் பாய். அதே சண்டை கேம்தான் வோணும். ஆனா நான் ராயபுரம் பக்கம் வர முடியாது."

ஜுபைர் தம் ஸ்கூட்டரில் மணலி புதுநகர்வரை சென்று, அவள் வீட்டுப் பெட்டியில் கணக்கை ஏற்றிக் கொடுத்தார்.

"நான் இங்க கீறது யாருக்கும் தெரியாது, பாய்."

"எனக்கே தெரியாதும்மா" என்றார்.

இந்த ஆண்டு ஐப்பசி மழையில் நனைந்தபடி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வல்லரசு வந்து அதே விளையாட்டைக் கேட்டான். கடையில் அந்த விளையாட்டுக்கு ஒரேயொரு பாதிதான் மீந்திருந்தது. எழில்மொழி வைத்திருந்த கணக்கின் மறுபாதி. அதற்குமுன் ஒன்பது நாள்களாய் அந்தப் படியை எவரும் மிதிக்கவில்லை. கணக்கில் அவள் பெயர் இல்லை, ஊர் இல்லை, எப்படித் தெரியப்போகிறது என்று தமக்குத் தாமே வாதாடி வென்றார் ஜுபைர். கடவுச்சொல்லைத் தட்டினார்.

அவ்விளையாட்டு தன்னுள் நடக்கும் ஒவ்வொரு சண்டையையும் பதிந்துவைக்கும் என்பதையும், அந்தக் கணக்கை வைத்திருப்பவர் எவரும் அப்பதிவுகளைத் திறந்து பார்க்கலாம் என்பதையும் அவர் அறிந்தே இருந்தார். அந்த நேரத்தில் அது நெஞ்சில் உறைக்கவில்லை.

அதற்குப்பின் வந்த மூன்றாம் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டுக் கடையைத் திறந்த சிறிது நேரத்தில் வல்லரசு உள்ளே வந்தான். வந்தவன் திரும்பி, ஷட்டரைத் தரைவரை இழுத்துவிட்டான்.

"இன்னா வல்லரசு, கேம் ஓடலியா?"

"ஓடுது பாய். என் ஆட்டமும் ஓடுது, இன்னொருத்தி ஆட்டமும் ஓடுது." அவன் குரல் தணிந்திருந்தது. "கீழ ரெண்டு ஒதை. கொஞ்சம் நிறுத்தி, கழுத்தப் புடிச்சி ஒரு வீசு. அந்த ஒதையாண்ட எத்தினி வருசம் தோத்தவன் நானு. எனக்குத் தெரியாதா? சொல்லு. எங்க கீறா?"

"பேரு சொல்ற பழக்கம் இந்தக் கடையில கெடையாது."

சொல்லி முடிக்குமுன் குத்து விழுந்தது. மூக்கின் எலும்பு முறிந்த ஓசை அவர் காதுக்குள்ளேயே கேட்டது. கண்ணாடி அலமாரியில் போய் விழுந்தார். அலமாரி சிதற, இருபது ஆண்டுச் சேமிப்பான டிஸ்குகள் அவர்மேல் கொட்டின. வல்லரசு அவர் தாடியைப் பற்றித் தூக்கினான்.

"போன எடு. அவ நம்பரு அதுல கீது."

ஜுபைர் போனை எடுத்தார். எடுத்ததைக் கல்லா மேசையின் விளிம்பில் ஓங்கி அடித்தார். ஒருமுறை, இருமுறை, அது இரண்டாய் மடியும்வரை.

"இப்ப யாராண்டயும் இல்ல" என்றார்.

"உன் மண்டையில கீதே, பாய்."

வல்லரசு பாலிஷ் மிஷினின் பஞ்சுத் தகட்டைப் பிய்த்தெறிந்தான். அடியில் இருந்த இரும்புத் தட்டின் விளிம்பு பளபளத்தது. சுவிட்சைப் போட்டான். ஜுபைரின் வலக்கையை மணிக்கட்டோடு முறுக்கி, விரித்த உள்ளங்கையைச் சுழலும் தட்டின்மேல் அழுத்தினான்.

தோல் கிழிந்து, சதை கிழிந்து, உதிரம் வட்டமாய்ச் சிதறிச் சுவரை நனைத்தது. "எங்க? எங்க? எங்க?" என்று அவன் அழுத்திய ஒவ்வொரு முறையும் மணலி என்னும் ஊர்ப்பெயர் ஜுபைரின் தொண்டைவரை ஏறி வந்தது. பெயரைத் தடுக்க வேறு வழி தெரியாமல் தம் நாவைத் தாமே கடித்தார். வாய் குருதியால் நிறைந்தது. வெளியே கமால் ஷட்டரை அறைந்துகொண்டிருந்தார். "பாய்! பாய்! இன்னா சத்தம்? தெற பாய்!"

அந்த ஒலிக்கு வல்லரசு ஒரு கணம் தலையைத் திருப்பினான். ஷட்டரை இழுக்கும் கொக்கிக்கம்பி ஜுபைரின் இடக்கைக்கு எட்டியது. வாழ்நாளில் எவரையும் அடித்திராத அம்மனிதர் அதை வீசினார். முழங்காலில் விழுந்த முதல் அடியிலேயே வல்லரசு சரிந்தான். மிஷின் கவிழ்ந்தது. அத்தோடு எல்லாம் முடிந்திருந்தது. இரண்டாவது அடிக்குத் தேவையே இல்லை. அதை அறிந்தும், அதே முழங்காலில், எலும்பு உடையுமாறு இரண்டாவதும் அடித்தார். அடித்தபோது உள்ளத்தில் எழுந்த இனிமையை உணர்ந்து நடுங்கினார். நடுங்கிக்கொண்டே மூன்றாவதுக்கு ஓங்கினார்.

ஷட்டரை நெம்பித் தூக்கி உள்ளே பாய்ந்த கமால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். "வுடு பாய்! செத்துடுவான்!"

ஆட்டோவில் ஏற்றும்போது வல்லரசு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "காலு ஆறிடும் பாய். ஆறினதும் வரேன். கேம் இன்னும் என்னாண்டதான் கீது."

அரசு மருத்துவமனையில் அவன், லாரியிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். ஜுபைர், மிஷின் நழுவியதாகச் சொன்னார். மனைவி சபீஹா அவர் கையைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், வீங்கிய நாவைப் பார்த்தாள்.

"மிஷினு தானா எந்திரிச்சி வந்து மூக்குலயும் குத்துச்சா?"

அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். யாருக்கு விற்றார் என்பதையும், விற்கும்போது தெரிந்தே விற்றார் என்பதையும். சபீஹா எழுந்து, "மொதல்ல அந்தப் பொண்ணாண்ட போயி சொல்லு. அப்பறம் வந்து சோறு துன்னு" என்றாள்.

மறுநாள் காலை மணலி புதுநகரில், கட்டுப்போட்ட கையோடு அவள் வாசலில் நின்றார். "அந்தக் கணக்குல மறுபாதிய வல்லரசுக்கு வித்துட்டேம்மா. உன் ஆட்டத்தப் பார்த்துக் கண்டுபுடிச்சிட்டான். ஊர நான் சொல்லல. ஆனா வழி தொறந்து வுட்டது நான்தான்."

எழில்மொழி அறைந்தாள். முறிந்த மூக்கிலிருந்து மீண்டும் குருதி வழிந்தது. அதுவரை வாங்கிய அடிகளில் அந்த ஒன்றுக்கு மட்டும் ஜுபைர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எத்தினி வூடு பாய் மாறுவேன் நானு? எத்தினி வேலை வுடுவேன்?"

அவள் மூச்சிரைக்க நின்றாள். சற்றுப் பொறுத்து அவர் கையைச் சுட்டினாள். "அது இன்னா?"

"ஒண்ணுமில்லம்மா."

"அவுரு."

கட்டை அவிழ்த்தார். உள்ளங்கை நடுவே, காம்பஸ் வைத்து வரைந்தாற்போல் முழு வட்டம். ஆயுள்ரேகையையும் மற்ற ரேகைகளையும் அறுத்துக்கொண்டு அது ஓடியது. அதைப் பார்த்த அவள் முகத்தில் இரக்கம் வரவில்லை. வேறு ஏதோ இறுகியது.

"அன்னைக்கி நான் குடுத்தேனே ஒரு டிஸ்கு. இன்னும் கீதா?"

"கீது. ஆணியிலதான் கீது."

"போயி எடுத்துகினு வா. கையையும் எடுத்துகினு வா. டேசனுக்குப் போறோம். என் மாவுக்கட்டு எக்ஸ்ரே என்னாண்ட கீது. இத்தினி நாளு சாட்சி சொல்ல ஒருத்தனும் இல்ல, அதான் ஓடிகினு இருந்தேன்."

ஜுபைர் தயங்கினார். "அவன் முட்டிய ஒடைச்சிட்டேம்மா. ரெண்டாவது அடி நான் அடிச்சிருக்கக் கூடாது. என் மேலயும் கேஸு வரும்."

"வரட்டும்" என்றாள். "நான் இனிமே வூடு மாற மாட்டேன்."

காவல் நிலையத்தில் எழுத்தர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். மேசைமேல் கிடந்த கீறல் விழுந்த டிஸ்கையும் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு நீ யாருய்யா?"

"டிஸ்கு வித்தவன், சார்."

"தொழிலு?"

"வீடியோ கேம் கடை." டிஸ்கைப் பார்த்தார். "நேத்து வரைக்கும்."

"சரி, சொல்லு. யாரு பேரையும் வுடாம சொல்லணும்."

எழுத்தர் தாளைத் திருப்பிப் பேனாவை ஊன்றினார். இருபது ஆண்டுகளாய், குத்து வாங்கியும், பல் உதிர்ந்தும், நாவைக் கடித்தும் எந்தப் பெயரையும் சொல்லாதிருந்த வாய் ஒருமுறை திறந்து மூடியது. பெஞ்சில் பக்கத்தில் இருந்த எழில்மொழி அவரைப் பார்க்கவில்லை. அவள் பார்வை தாளின்மேலேயே இருந்தது.

"அவன் பேரு வல்லரசு" என்று தொடங்கிய ஜுபைர் உடனே கையை உயர்த்தினார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கீது, சார். இந்தப் பொண்ணு வச்சிருந்த கணக்கத் தெரிஞ்சே அவனுக்கு வித்தவன் நானு. அதுலருந்து எழுதுங்க."