தோல் பார்க்கும் விரல்

எனக்கு ஒன்பது வயதில் கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து நின்றன. வாயை மூடினால் யாரையோ முறைப்பது போலிருக்கும். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இப்படியே விட்டால் இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அத்தை ஒருத்தி கிளப்பிவிட்டுப் போக, நைனா என்னை ஆம்பூரில் ரயிலேற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

வெள்ளைக்கார டாக்டரம்மா அரைகுறைத் தமிழில் இரண்டு வழி சொன்னார். ஒன்று, தட்டையான மரக்குச்சி. மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து தினமும் கடித்து நெம்ப வேண்டும். வலி கம்மி, ஆனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை என்று எண்ண வேண்டும். மற்றது, கீழ்ப்பற்களில் மாட்டும் கெட்டி ரப்பர் மூடி. அதன் சரிவில் மேல்பல் இடித்து இடித்துத் தானாக முன்னே வந்துவிடும். பேச்சு குழறும், ஈறு வலிக்கும். யார் துணையும் வேண்டாம்.

நைனா என்னைப் பார்த்தார்.

"வூட்ல யாரும் இல்லீங்க. ரப்பரே குடுங்க," என்றார்.

குழறினால்தான் என்ன, பகலெல்லாம் பேச எனக்கு யார் இருந்தார்கள்? நைனா தோல் பதனிடும் ஷெட்டில் மேஸ்திரி. ஆணியடித்து இழுத்துக் கட்டிய தோலைக் காய்வதற்குள் அவிழ்த்தால் சுருங்கிவிடும் என்பது அவர் படித்த ஒரே படிப்பு. சாப்பிடும்போது கழற்றலாம் என்று டாக்டரம்மா சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கஞ்சிதான் குடித்தேன்.

ஆனால் சாயங்காலம் வந்ததும் கைகழுவிவிட்டு, என் பல்வரிசையில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டையின், எவ்வளவு கழுவினாலும் போகாத கசப்பு நாக்கில் ஒட்டும். நாள் முழுக்க நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

பல் சரியாயிற்று. மூடி கழன்றது. அதோடு விரலும் வருவது நின்றுபோயிற்று. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் தாடையை முன்னால் தள்ளி, கீழ்ப்பற்கள் பழையபடி தெரிய அவர் முன்னே போய் நின்றேன். நைனா விரலை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கீது. நாளைக்கும் பாக்கலாம்," என்றார்.

அந்த வருஷம் முழுக்க தினமும் பார்த்தார். மூடியை மட்டும் மறுபடி மாட்டவே இல்லை. மாட்டுத்தோலில் உண்ணி கடித்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கும் விரல் அது. அதை நான் ஏமாற்றிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.