அண்ணன் கட்டிவைத்த மைக் ஸ்டாண்டுகள்

ஓராண்டுப் பூசைக்கு வந்து இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுத வேண்டியவன் அண்ணனின் மகன். அவன் கப்பலில் இருக்கிறான். அதனால் அவன் அம்மா, என் மதினி, என்னை எழுதச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. தங்கையாக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் ஆலந்தலையில் பிறந்தார்கள். அப்பா முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் முத்துக்கும் மற்ற வருஷங்களில் சங்குக்கும் மூழ்கினார்கள். காது இரண்டும் கெட்டுப்போன பிறகு கடலை விட்டுவிட்டு எங்களைத் தூத்துக்குடிக்குக் கூட்டிவந்தார்கள். அண்ணன் பள்ளியை நிறுத்திவிட்டுத் தோணிகளில் மூட்டை சுமந்தார்கள். பிறகு ஒரு மைக் செட்டுக்காரரிடம் வயர் இழுக்கும் வேலைக்குப் போனார்கள். பல வருஷம் கழித்துத்தான் சொந்தமாக மைக் செட் வைத்தார்கள். புதுத் துறைமுகத்தில் ஆள் எடுத்தபோது எல்லோரும் போகச் சொன்னார்கள். அண்ணன் போகவில்லை. அதற்காக வீட்டில் பெரிய சண்டை நடந்தது. இதையும் எழுதச் சொன்னது மதினிதான்.

கடை கடற்கரை ஓரம் இருந்தது. அந்த உப்புக்காற்றில் ஸ்டாண்டுகள் துருப்பிடித்துவிடும். அதனால் நான்கு ஸ்டாண்டுகளும் வீட்டில், என் பொறுப்பில் இருந்தன. விசேஷத்துக்குப் போய்த் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பேன். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் என் தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விடுவேன். பைப்புகளைத் தரையில் போட்டால் ஈரம் ஏறும் என்று உத்திரத்தில் கயிறு கட்டி அதில் படுக்கவைத்திருந்தோம். வார்ப்பிரும்பு அடித்தட்டுகள் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். நான் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. ஸ்டாண்டில் மெழுகு சொட்டியிருந்தால் கோயில் திருவிழா, சந்தனம் ஒட்டியிருந்தால் கல்யாணம் என்று தெரிந்துகொள்வேன். துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு விழுந்த வீட்டுக்கு, போய்வந்தால் ஒன்றும் ஒட்டியிருக்காது.

ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கர்களும் எந்த லாரி கிடைத்தாலும் அதில் போகும். ஸ்டாண்டுகளை மட்டும் அண்ணன் லாரியில் ஏற்ற விடமாட்டார்கள். எங்கள் பக்கத்து லாரிகளில் முந்தின நாள் உப்பு ஏறியிருக்கும். பழைய பாய்மரத் துணியில் பைப்புக்கு ஒரு அறையாக நான் தைத்துக் கொடுத்த பையில் வைத்து, மேலே கயிறு கட்டி, பஸ்ஸில் தன் காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு போவார்கள். அடித்தட்டுகள் சாக்கில் சீட்டுக்கு அடியில் இருக்கும்.

"அண்ணாச்சி, பிள்ளையளுக்கு அரை டிக்கெட் வாங்குங்க" என்பாராம் கண்டக்டர்.

"கைப்பிள்ளைக்கு ஏதுவே டிக்கெட்? நாலும் அழாம வருதுல்லா, விசிலை ஊதும்" என்பார்களாம் அண்ணன்.

துட்டி வீட்டுக்குப் போய்வந்த ஸ்டாண்டைக் கழுவி ஒரு பகல் முழுவதும் வெயிலில் வைத்த பிறகுதான் கல்யாண வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒருமுறை நான், "இதையெல்லாம் நீங்க நம்புதீயளா?" என்று கேட்டேன். "நான் நம்பல. கல்யாண வீட்டுக்காரன் நம்புதான்லா. கேட்டா நான் பொய் சொல்லணுமா?" என்றார்கள். யாரிடமும் எதையும் மறைத்து அவர்கள் தொழில் செய்ததில்லை.

கடைசியாக ஒத்துக்கொண்டது வேம்பாரில் ஒரு கல்யாணம். பாட்டுக் கச்சேரியும் இருந்ததால் நான்கு ஸ்டாண்டுகளும் கேட்டிருந்தார்கள். மற்ற சாமான்கள் முன்கூட்டியே லாரியில் போய்விட்டன. சாயங்காலம் அண்ணன் ஸ்டாண்டுகளைக் கட்டிவைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். விடியும்போது நெஞ்சு வலிக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சற்று நேரத்தில் முடிந்துவிட்டது.

உடல் வீட்டுக்கு வருமுன் இடம் வேண்டும் என்று ஸ்டாண்டுக் கட்டைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். மறுநாள் கல்யாணம். என்ன செய்வது என்று பேச்சு வந்தது.

"துட்டி வீட்டுச் சாமான் கல்யாணத்துக்குப் போவுமா? பேசாம இருங்க" என்றார் மாமா.

சித்தப்பா மகன், "வேம்பாருல யாருக்குத் தெரியப்போவுது? சொல்லாம ஏத்தி விடுங்க" என்றான்.

அண்ணனுடன் வேலை செய்த சூசை என் பக்கம் திரும்பினார். ஸ்டாண்டுகள் என் பொறுப்பு என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அனுப்பாமல் இருந்தால் அண்ணன் கொடுத்த வாக்கு போகும். மறைத்து அனுப்பினால் அதைவிட மோசம். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. "வெறுங்கையோட போயி நடந்ததைச் சொல்லுங்க. அவுக வேண்டாம்னா வேண்டாம்" என்றேன். சூசை அடுத்த பஸ்ஸில் போனார்.

மத்தியானம் கல்யாணப் பெண்ணின் தகப்பனாரையே கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் சிறிது நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, எங்க வீட்டுல சொல்லிவிட்டிருக்கா. அந்தக் கட்டு, அண்ணாச்சி உசுரோட இருக்கையில அவிய கையால கட்டுனது. அதுல துட்டி கிடையாது. இங்கன யாரும் அவுக்காம இருந்தாப் போதுமாம். கல்யாண வீட்டுல வந்து அவுக்கணுமாம்."

பேசாமல் இருக்கச் சொன்ன மாமா அடித்தட்டுச் சாக்கைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

"அடக்கத்துக்கு நிக்காம நான் எப்படிப் போவேன்?" என்றார் சூசை. மதினி, "போ சூசை. அங்கன ஆளில்லைன்னா அந்த மனுசன் என்னையத்தான் ஏசுவாரு" என்றார்கள்.

சாயங்காலம் ஜெபம் தொடங்க பங்குச் சாமியார் வந்தபோது வாசலில் கூட்டம் தெரு முனை வரை நின்றது. ரிப்பேருக்கு வந்த ஒரு சின்ன ஆம்ப்ளிபயரை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். மைக்கும் இருந்தது. ஸ்டாண்டு இல்லை. சாமியாருக்கு ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் தீர்த்தம். அவருக்கு உதவியாக வந்த கோயில் உபதேசியார் மைக்கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தது நான்தான். வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து அண்ணனைப் பற்றிப் பேசினார்கள். உயரமானவர் வந்தால் கையை உயர்த்தினேன். குள்ளமானவர் வந்தால் தாழ்த்தினேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. மன்னிக்க வேண்டும். மைக் ஆடக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. பெட்டியைத் தூக்கிய பிறகு மதினி என் விரல்களைப் பிரித்து மைக்கை வாங்கி வைத்தார்கள்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. கச்சேரி உப்பளம் வரைக்கும் கேட்டதாம்.

மூன்றாம் நாள் ஸ்டாண்டுகள் திரும்பி வந்தன. சூசையுடன் புது மாப்பிள்ளையும் பெண்ணும் வந்திருந்தார்கள். பைப்புக் கட்டு மாப்பிள்ளை தோளில் இருந்தது. புதுப்பெண் துட்டி வீட்டில் கால் வைக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். நான் ஓடிப்போய், "வாசல்லயே நில்லும்மா" என்றேன். "எங்கம்மா உள்ள போயிட்டு வரச் சொன்னா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உள்ளே வந்து மதினிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கழுத்தில் புதுத் தாலி.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், ஜெபம் சொன்ன சாமியாருக்கும் உபதேசியாருக்கும், குழி வெட்டிய பிள்ளைகளுக்கும், அடக்கத்துக்கு நிற்காமல் வேலைக்குப் போன சூசைக்கும், சாக்குச் சுமந்த மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேம்பார் குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று எழுதத் தெரியவில்லை. துட்டி வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள்; பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அன்று அந்தப் பெண் என்னிடம் தண்ணீர் கேட்டாள். செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள்.