ஆட்டுக்கு பெக்கட் உப்பு

என் வீட்டுக்காரர் எல்கடுவயிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். சந்தையில் கோவாவை, அதான் முட்டைக்கோஸை, உரித்துப் போடும் இலைகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார். சும்மா கிடைக்கிறதே என்று, சினையாயிருந்த எங்கள் ஆட்டுக்கு அதையே அள்ளிப் போட்டேன். அதுவும் வஞ்சகமில்லாமல் தின்றது.

போட்ட குட்டி இரண்டும் உடம்பில் முடியே இல்லாமல், கழுத்தில் எலுமிச்சங்காய் அளவு வீக்கத்தோடு வந்தன. ஒரு சத்தம்கூடப் போடாமல் செத்துப்போயின. யார் கண் பட்டதோ என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிற எல்லாரையும் வைது தீர்த்தேன். அடுத்த ஈற்றிலும் அதே கதை. பாழாய்ப்போன அழுகை எனக்கு நிற்கவேயில்லை.

"இன்னொரு தடவ இப்படிப் போட்டுச்சு, இறைச்சிக் கடைக்குத்தான்" என்றார் இவர்.

அது மறுபடி சினையானதும் மிருக வைத்தியரைக் கூட்டிவந்தேன். அந்த அம்மா சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வியே, என்ன தீனி என்பதுதான். மூட்டையைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். தாய்க்கு அயடின் குறைந்தால் குட்டியின் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி வீங்கிவிடுமாம். கோவா அளவு மீறினால், இருக்கிற அயடினையும் உடம்பில் சேரவிடாதாம். கோவாவை நிறுத்து, கல்லுப்பு வேண்டாம், அயடின் சேர்த்த பெக்கட் உப்பைத் தினமும் கொஞ்சம் கொடு என்றார். கண்ணூறும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை!

அன்றிலிருந்து ஆட்டுக்குப் புல்லும் பலா இலையும்தான். உப்பு பெக்கட்டை நான் பிரிக்கும்போதெல்லாம் இவருக்குச் சிரிப்பு.

"ஏ புள்ள, ஆட்டுக்கு பெக்கட் உப்பு, எனக்குக் கல்லுப்பா?"

"நீங்களும் குட்டி போடுங்க, தாறேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. இறைச்சிக் கடை நினைப்பில், ஒரு நாள்கூட உப்பைத் தவறவிடவில்லை.

ஒரு காலை, கொழுந்து பறிக்கக் கிளம்புகிற நேரம், ஆடு ஈன்றது. ஒற்றைக் குட்டி. நக்க நக்கக் கறுகறுவென்று முடி தெரிந்தது. கழுத்தைத் தடவினேன், வீக்கம் இல்லை. என் விரலை உதறிவிட்டு, லயமே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தியது பாருங்கள்! அடி என் தங்கமே!

தம்புள்ளையில் இருந்தவருக்குப் போன் போட்டு, பேசாமல் அதைக் குட்டியின் வாயருகே பிடித்தேன். அது கத்தியது.

"நம்ம குட்டியா?" அந்தப் பக்கமிருந்து இவரும் கத்தினார்.

"நம்மதுதாங்க. வரும்போது நல்ல கோவாவா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஆட்டுக்கில்ல, இன்னைக்கு நம்ம வீட்டுல அதுதான் கறி."