உயிரோடிருந்தவருக்கு நான் இட்ட ‘தெய்வத்திரு’

உயிரோடிருந்த ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று போட்டவன் நான். அந்தப் பழியை அவர் மனைவியின் தலையில் கட்டியவனும் நான்தான்.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இணையத்தில் திருமண அழைப்பிதழ்கள் செய்து தருகிறேன். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பக்கம். பெயர் வரவேண்டிய இடத்தில் இரட்டை அடைப்புக்குறிக்குள் ‘தந்தை பெயர்’ என்று மட்டும் எழுதிவைப்பேன். எந்தக் குடும்பம் விவரம் அனுப்புகிறதோ, அந்தக் குடும்பத்துப் பெயர் வந்து அமரும். அந்த அடைப்புக்குறிக்குள்ளேயே ஒரு கோடு போட்டுக் கட்டளை எழுதினால், பெயர் நான் சொன்னபடி உடுத்திக்கொண்டும் வரும்... முன்னால் அடைமொழி, பின்னால் ஊர். முதல்முறை அது திரையில் நிகழ்ந்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்! உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அது போதை.

அந்தப் போதையில்தான் ஒரு குறுக்குவழி கண்டேன். விவரப் படிவத்தில் பெற்றோரின் கைப்பேசி எண்ணும் கேட்டிருந்தேன்; இறந்தவருக்கு யாரும் எண் தருவதில்லை. ஆகவே எண் காலியாக இருந்தால் ‘திரு’வுக்குப் பதில் ‘தெய்வத்திரு’ தானாக வரட்டும்... துக்கத்தை யாரிடமும் கேட்டறிய வேண்டாமே! என்ன நேர்த்தி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

வள்ளியூரில் ஒரு மணப்பெண்ணின் தந்தை பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவருக்கு ஏது கைப்பேசி? படிவத்தை நிரப்பிய அவர் மனைவி அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

அழைப்பிதழ் உறவினர் அனைவருக்கும் போய்விட்டது. களக்காட்டிலிருந்து சிலர் மாலையோடு வந்து தெருமுனையிலேயே அழத் தொடங்கினார்கள்.

அவர் மனைவி என்னை அழைத்தார்.

“அண்ணாச்சி, மாலையப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரவுக சிரிக்காவ. ‘வாங்குனது வாங்கியாச்சு, மக கல்யாணத்துக்குப் போட்டுக்கிடுதேன்’ங்காவ. எனக்குத்தான் மனசு ஆறல. நாந்தான் எதையும் தப்பா அமுக்கிட்டனோ?”

அதற்குள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டேன். பிழை என் கட்டளையில் இருந்தது. தெரிந்தே சொன்னேன்: “அப்படித்தான் இருக்கும்மா. இனிமே பைய பாத்துப் போடுங்க.”

ஏன் சொன்னேன்? அந்த நேர்த்தியை விட்டுக்கொடுக்க மனமில்லை... வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

திருமணத்தில் முன்வரிசையில் இருந்தேன். தந்தையைச் சக்கர நாற்காலியில் மேடையேற்றியிருந்தார்கள். தாரை வார்க்கும் நேரம். நீர் ஊற்ற வேண்டிய தாய், செம்பைக் கணவரின் அக்காளிடம் நீட்டினார்.

“நீங்க ஊத்துங்க மைனி. ஒரு தடவ அவுகளக் கொன்ன கை இது. வேண்டாம்.”

எழுந்தேனா? இல்லை. அன்றைய நாட்குறிப்பில் பந்தியைப் பற்றி எழுதினேன், இதை எழுதவில்லை.

கட்டளையை அவர் என்னை அழைத்த அன்றே திருத்திவிட்டேன். இப்போது பக்கம் பிசகுவதே இல்லை. போன வாரம் ஏர்வாடியிலிருந்து ஒருவர் அழைத்தார். அந்த வள்ளியூர் அம்மாள்தான் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

“‘அண்ணாச்சி வேலையில தப்பே வராது, அன்னைக்கு நாந்தான் கெடுத்தேன்’னு சொன்னாவ வே,” என்றார்.

நான் மறுக்கவில்லை. மணமகளின் பெயரைக் கேட்டேன்.