அப்பாவின் வலது கை

பால் பூத்தில் வரிசை நகர நகர அந்தக் கேள்வியும் கிட்டே வரும். "ஊரிகே ஹோகில்வா?" ஊருக்குப் போகவில்லையா என்று பூத்துக்காரர் கேட்பார். பண்டிகைதான் என்றில்லை, வெறும் செவ்வாய்க்கிழமையும் கேட்பார். என் வீடு நாலு தெரு தள்ளி. இந்த மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைப்பதற்கு முன்பே மைசூருக்கு வந்தவன் நான். அன்பாகத்தான் கேட்கிறார். அதுதான் எரிகிறது.

தருமபுரிப் பக்கத்திலிருந்து அப்பா இங்கே கல் உடைக்க வந்தார், பின்னாலேயே நான். மரப்பட்டறையில் சேர்ந்தேன். ரோஸ்வுட் பலகையில் வெளிர்மரத் துண்டுகளைப் பதித்து ஆனை செய்வோம். தசரா ஆனை, அம்பாரி, குடை. பதினைந்து வருஷம் ஆனை. அந்த ஆனை நடக்கிற ரோட்டைப் போட்டவன் ஒருத்தனும் எந்தப் பலகையிலும் இல்லை. நான் வந்த மூன்றாம் வருஷம், ஒரு கட்டட வேலையில் கல் சரிந்து அப்பாவின் வலது கையில் இரண்டு விரல் போயின. நஷ்டஈடு கேட்டதற்கு, "ஊர்லேர்ந்து வரும்போதே அப்படித்தான் வந்தான்" என்றார் கான்ட்ராக்டர். கூட வேலை செய்த நம் ஊர் ஆட்களும் தலையாட்டினார்கள். மறுநாளும் வேலை வேண்டுமே! அந்தத் தலையாட்டல் எனக்குள்ளேயே கிடந்து, நாற்பது வயதில் என்னை ஓவியப் பள்ளியின் மாலை வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது. பலகையைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுக்கப் படித்தேன். முதல் பலகையிலேயே அப்பாவை வெட்டினேன், அந்தக் கையை முன்னால் நீட்டியபடி.

பள்ளியில் கண்காட்சி. அப்பாவையும் கூட்டிப்போயிருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் என் படத்தின் முன் நின்றார். "தும்ப சென்னாகிதெ," ரொம்ப நன்றாயிருக்கிறது என்றார். பிறகு, "தசரா ஆனெ இல்வா?" என்னிடம் ஆனை இல்லை என்றேன். தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, "பரவாகில்ல" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். தன் கையைத் தூக்கிப் படத்துக்கு நேரே பிடித்தார்.

"ஏண்டா, இது இடது கையில்ல?"

பதிக்கிற வேலையில் வெட்டியது வெட்டியபடியே நிற்கும். அச்சில் இடம் வலமாகும். பதினைந்து வருஷப் பழக்கத்தில் பார்த்தபடியே வெட்டிவிட்டேன்.

"கல்லு வலத எடுத்துச்சு. எம்புள்ள இடதையும் எடுத்துட்டான். இனி சோத்த நீயே ஊட்டுடா" என்றார். சிரித்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

படத்தை அன்றே கழற்றினேன். எண்ணெய்த்தாளில் வரைந்து, புரட்டிப் போட்டு, மறுபடி வெட்டினேன். இந்த முறை வலது கை, மூன்று விரல். மாட்டியதைப் பார்த்து, "இங்க இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்" என்றார். வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கத்த ஒரு படம் கேட்டா. ஊருக்கு அனுப்புறதுல அஞ்சு வெரலும் வச்சிரு சாமி. அங்க நான் மேஸ்திரி. போனா கையத் துண்டுக்குள்ளதான வச்சிருக்கேன்."

செதுக்கிப் போன மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. புதுப் பலகை எடுத்தேன். கான்ட்ராக்டர் இல்லையென்றதை உண்டென்று மைசூர்ச் சுவரில் மாட்டியவன், அதையே ஊருக்கு இல்லையென்று வெட்டிக்கொண்டிருந்தேன். உளி ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. இப்போது மேஜைமேல் இரண்டு அப்பாக்கள், மூன்று விரலோடு ஒருவர், ஐந்து விரலோடு ஒருவர். ஒரே உருளையால் இரண்டு பேர்மீதும் கறுப்பு மை தடவுகிறேன்.