கொரியா கிழக்கில்தான் இருக்கிறது

போன மாதம் ஒரு நாட்டுக்காக வழக்காடப் போனேன். என் நாட்டுக்காக அல்ல — கொரியாவுக்காக. தோற்றேன்.

சுவிஸின் ஊஸ்டர் நகரில் எங்கள் ஈழத்து ஆட்கள் வருடாவருடம் கலைவிழா நடத்துகிறார்கள். மேடையேறும் எந்த ஆட்டமும் முதலில் குழுவின் கண்ணில் பட்டாக வேண்டும். விதி ஒன்றுதான்: மேலைத்தேய நடனம் கூடாது.

என் மகள் தாரணிக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். இரண்டு தோழிகளோடு கோடை முழுக்க ஒரு கொரியப் பாட்டுக்கு ஆடிப் பழகினாள். எங்கே? எங்கள் கட்டிடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறையில். எங்களுக்குத் துணி துவைக்கும் முறை வரும் நாட்களில் மட்டும். மெஷின் இரைச்சலுக்குள் பாட்டு அடங்கிப் போகும், அயலவர் முறைப்பாடு வராது!

"உதை மேடையில விடமாட்டினம், பிள்ளை" என்றேன்.

"ஏனப்பா? கொரியா ஆசியாவிலதானே கிடக்கு? மேப்பைப் பாருங்கோவன்."

மேப் அவள் பக்கம்தான் இருந்தது.

"சரி, ஏன் இந்தப் பாட்டு?"

கொஞ்சம் யோசித்தாள். "எந்த வீடியோவிலயும் நடுவில நிக்கிறவள் வெள்ளைக்காரி, அப்பா. எங்களை மாதிரி ஆக்கள் பின்வரிசை. பள்ளிக்கூட டான்ஸிலயும் அப்பிடித்தான், என்னைப் பின்னுக்குத்தான் விடுவினம். இதில நடுவில நிக்கிறவள் வெள்ளை இல்லை."

இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன கேட்பான்? வழக்கை எடுத்துக்கொண்டேன்.

சூரிச் லங்ஸ்ட்ராஸ தெருவில் ஒரு தமிழ் வீடியோ கடை. தாரணியோடு போனபோது அதன் பின்னறையில் குழு கூடியிருந்தது. செயலாளர் குலம் அண்ணை. நல்ல மனிதர், குரல் மட்டும் பெரிது.

"அண்ணை, கொரியா கிழக்கு" என்று ஆரம்பித்தேன்.

"கிழக்கோ? அப்ப போடு தம்பி, பாப்பம்."

தாரணி டிஸ்க்கைப் போட்டாள். நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்...

கம்பி வலை அடித்த கூடைப்பந்துத் திடல். மஞ்சள் டாக்ஸி. சுவரெல்லாம் ஆங்கிலக் கிறுக்கல். தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒரு பையன் மூச்சு விடாமல் ராப் பேசினான். பல்லவி வந்ததும் 'பேபி... பேபி...' நடுவில் நின்ற கொரியப் பெண் திரும்பினாள். முடிக்குப் பொன்னிறச் சாயம். கண்ணில் நீல லென்ஸ்.

"தம்பி, உது கொரியாவோ? அமெரிக்காத் தெருவெல்லோ!"

"பாசை கொரியன், அண்ணை..."

"பாசை கொரியன். மிச்சம்?"

"கொரியாக்காரர் அதை எடுத்துத் தங்கடையா மாத்திப்போட்டினம், மாமா" என்றாள் தாரணி.

"எதைப் பிள்ளை மாத்தினவை? தலைமயிரின்ர நிறத்தையோ?"

அறை சிரித்தது. தாரணியும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நான் திரையில் ஒரு கொரியாவைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு மலை... ஒரு மழை... ஒரு தாயின் அதட்டல்... ஏதாவது? உன் தலை மஞ்சளாகட்டும் என்று அந்தப் பெண்ணை யாராவது மிரட்டினார்களா? இருக்காது. அதுதான் பயமாக இருக்கிறது. மேற்கு இப்போது கப்பலில் வருவதில்லை. டிரம்ஸாக வருகிறது. கால் தானாகத் தாளம் போடுகிறது. என் காலும் போட்டுக்கொண்டுதான் இருந்தது!

குலம் அண்ணைக்கு மனம் இளகியது. "பிள்ளையள் பாடுபட்டுப் பழகியிருக்கினம். ஆட்டம் அப்பிடியே இருக்கட்டும். பாட்டை மாத்துங்கோ."

கடைத் தட்டிலிருந்து ஒரு தமிழ்ப் படப் பாட்டு டிவிடியை எடுத்துப் போட்டார்.

அதே டிரம்ஸ். அதே ராப். மும்பையிலிருந்து வந்த வெள்ளைத்தோல் நாயகி, இங்கே பக்கத்து லுசேர்ண் ஏரிக்கரையில் ஆடினாள். சுற்றிலும் பொன்முடிக்காரிகள்.

"இது எங்கட" என்றார் குலம் அண்ணை. கேலியில்லை. மனதாரச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். தாரணி என் கையைப் பிடித்து அமர்த்தினாள். "விடுங்கோ அப்பா. ஆடுறம்."

போன சனிக்கிழமை ஆடினார்கள். ஓர் அசைவும் மாறவில்லை. தாரணிதான் நடுவில். மண்டபம் விசிலடித்தது. குலம் அண்ணை மைக்கைப் பிடித்து, வேரை மறவாத பிள்ளைகள் என்று பெருமைப்பட்டார். அவள் நன்றாகத்தான் ஆடினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பும் ரயிலில் முகப்பூச்சைத் துடைத்தபடி சொன்னாள்: "குலம் மாமா சொன்னது சரிதானப்பா. அந்தக் கொரியப் பெட்டையிட்டையும் அவளின்ர எண்டு ஒண்டும் இல்லை. இந்தப் பாட்டிலயும் இல்லை."

துடைத்த துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு —

"அப்ப... எங்கட எண்டு ஒண்டுமே இல்லையோ?"

"இருக்குப் பிள்ளை" என்றேன், உடனே.

நல்லகாலம், எது என்று அவள் கேட்கவில்லை.